ஓய்வு என்று பெயர் கொடுத்தவள்

என் ஒரு நாளை எடுத்து ஊருக்குப் பங்கு போட்டது நீங்கள்தான், தலைவர் அண்ணை. வேறு யாருமில்லை. போட்டுவிட்டுக் கீழே ஒரு சிரித்த முகத்தையும் வைத்தீர்கள்.

தீவை அறியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் முதலில் இருந்தே சொல்கிறேன். எங்கள் தீவுக்குப் பாலம் இல்லை. காலையில் படகு ஊர்காவற்றுறைக்குப் போகும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். பின்னேரம் நாலு மணிக்குக் கடைசிப் படகு திரும்பும். அதை விட்டால் அன்றைக்கு வீடு இல்லை. படகில் இடம் கொஞ்சம் என்பதால் முதல்நாளே படகுச் சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும். என்ன அலுவல் என்று கேட்டு, பெயருக்குப் பக்கத்தில் எழுதுவார். ஆஸ்பத்திரி, அரசாங்கக் கச்சேரி, பரீட்சை என்றால் முதலிடம். மாலையில் அந்தப் பட்டியலைப் படம் எடுத்து ஊர் வட்ஸ்அப் குழுவில் போடுவார். யார் போகிறார்கள் என்று பார்த்து, தங்கள் அலுவலை அவர்கள் தலையில் கட்டிவிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

நான் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவள். இந்த வருடம் மாதா கோயில் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் என் கணவரின் சொந்தங்கள் வந்தார்கள். பதினொரு பேர். நவநாள் ஒன்பதும் என் வீட்டில்தான் சாப்பாடு. ஒருவருக்கு உறைப்பு ஆகாது, ஒருவருக்கு நண்டு இல்லாவிட்டால் ஆகாது. அவர்கள் எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களுக்கும் மூன்று வேளை பசிக்கும். குடிக்கிற தண்ணீர் ஊர்த் தொட்டிக்கு வரும் நேரத்தில் ஓடிப்போய்ப் பிடித்து, குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அவர்கள் போன மறுநாள் தலை இழுக்கச் சீப்பை எடுத்தேன். வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. முடியில் புகை, பொரித்த மிளகாய், மீன் எல்லாம் மணத்தது. கணவரிடம் சொன்னேன்.

"இரும், நான் முழுக வார்க்கிறன்" என்றார்.

வார்த்தார். அவர் கடற்தொழிலாளி. வலையைக் கழுவுகிற மாதிரியே என் தலையையும் கழுவினார்.

"காணும், விடுங்கோ. கழுத்து முறியப்போகுது."

"அப்ப யாழ்ப்பாணம் போம். காசு குடுத்தால் ஆரும் வார்ப்பினம். சோறு நான் காய்ச்சுறன்."

பகிடியாகத்தான் சொன்னார். நான் பகிடியாக எடுக்கவில்லை. சமையல் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்த நாளை எழுதினேன். பத்து மணிக்குப் பெண்கள் சலூனில் எண்ணெய் வைத்துத் தலை முழுகுதல். பிறகு வேறு ஆரோ சமைத்து, வேறு ஆரோ பரிமாறி, இருந்து சாப்பிடுதல். பிறகு கடல் தெரியாத ஒரு இடத்தில் ஒரு மணித்தியாலம் சும்மா இருத்தல். சலூனுக்குப் போன் எடுத்து நேரமும் வாங்கினேன். நாற்பத்தொன்பது வயதில் என் உடம்புக்கு என்று நான் வாங்கிய முதல் நேரம் அது.

வீட்டிலேயே படுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் எங்கள் தீவில் ஒரு நாள் படலையைச் சாத்திப் பார்க்க வேண்டும். மூன்றாவது முறை கூப்பிட்டும் சத்தம் இல்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்துவிடுவா, உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்க.

பெயர் கொடுக்கப் போனேன். நீங்கள் கதிரையில் இருந்து கொப்பியை விரித்தீர்கள்.

"என்ன அலுவல்?"

"ஓய்வு."

"என்னது?"

"ஓய்வு, அண்ணை. தலை முழுகப் போறன்."

"ஏன், இஞ்ச கிணத்தில தண்ணி வத்திப்போச்சோ?"

உள்ளே இருந்து உங்கள் மனைவி, "இந்த வயசில பொம்பிளை பாக்க வருகினமோ, கேளுங்கோ!" என்றா. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

"ஆஸ்பத்திரி எண்டு போடட்டே? ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டினம்" என்றீர்கள்.

"பொய் எழுதாதையுங்கோ. உள்ளதை எழுதுங்கோ."

அதுதான் நான் விட்ட பிழை. ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தால், பாவம், வருத்தக்காரி என்று நாலு பேராவது விட்டிருப்பார்கள். அன்று மாலை குழுவில் நீங்கள் எழுதியது இது: "அக்கா நாளைக்கு ஒரு அலுவலும் இல்லாமல் சும்மா யாழ்ப்பாணம் போறா. குடுத்துவிட இருக்கிறவை காலமை படகடிக்குக் கொண்டு வரவும்." கீழே அந்தச் சிரித்த முகம்.

காலையில் படகடியில் எனக்கு முன்னாலேயே ஆட்கள் நின்றார்கள். மூன்று பேரின் கிளினிக் கொப்பிகள், ஆஸ்பத்திரியில் குளிசை எடுக்க. கண்ணாடி உடைந்த ஒரு போன். தையல் மெசினுக்குப் புது வார் வாங்க, மாதிரிக்குப் பழைய வார். ஐஸ் போட்டு நண்டு நிரப்பிய ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி, யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகளுக்கு. அவ ஆஸ்பத்திரி வாசலில் வந்து வாங்குவாவாம். கடைசியாக நீங்கள் வந்து, படகு எஞ்சின் சாமான் ஒன்றின் பெயர் எழுதின துண்டைக் கையில் வைத்தீர்கள்.

"எனக்கு ஏலாது அண்ணை. பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறன்."

"சும்மாதானே போறியள். கையை வீசிக்கொண்டு போய் என்ன செய்யப் போறியள்?"

கிளினிக் கொப்பி தந்த கிழவரின் முகத்தைப் பார்த்தேன். பிரஷர் குளிசை முடிந்து மூன்று நாள் என்றார். அவரிடம் எப்படி முடியாது என்பது? என் கணவர் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே ஆட்கள்தான் படகில் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்னொன்றையும் மறைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு, கூறைச் சீலை எடுக்கப் போன ஒரு பெட்டையிடம் மிளகாய் திரித்துவரச் சொல்லி ஐந்து கிலோ கொடுத்துவிட்டவள் நான். அவளின் நாளை நான் தின்றிருக்கிறேன். இதை வாசித்தால் அவள் என்னை மன்னிக்க வேண்டும்.

அதனால் தூக்கினேன். எழும்பாத கையாலும் தூக்கினேன்.

பஸ்ஸில் நண்டுப் பெட்டி ஒழுகியது. நடத்துநர், "அம்மா, இது பஸ்ஸோ மீன் சந்தையோ?" என்றார். ஆஸ்பத்திரியில் மருந்து வரிசை கட்டிடத்தைச் சுற்றி நின்றது. பத்து மணி வரிசையில் போனது. பதினொன்றும் போனது. நண்டு வாங்க வர வேண்டிய மகள் பன்னிரண்டுக்கு வந்தா. சலூன்காரப் பிள்ளை போன் எடுத்து, "வாறியளோ இல்லையோ அக்கா?" என்று கேட்டாள். "வாறன் பிள்ளை, என்ரை இடத்தை வைச்சிரும்" என்று கெஞ்சினேன். குளிசையும் வாரும் வாங்கி, போனுக்குக் கண்ணாடி போட்டு முடித்து, சலூன் கதவைத் தள்ளியபோது இரண்டு மணிக்குக் கால் மணி இருந்தது. ஊர்காவற்றுறை பஸ் இரண்டரைக்கு.

உள்ளே குளிராக இருந்தது. சாய்கிற கதிரையில் இருத்தினாள். இளஞ்சூட்டில் எண்ணெய் ஊற்றி, விரல்களை மண்டைக்குள் விட்டு மெல்லப் பிசைந்தாள். என்னையறியாமல் கண்ணீர் வந்துவிட்டது.

"நோகுதோ அக்கா?"

"இல்லை. நீர் செய்யும்."

"எண்ணெய் ஊற அரை மணித்தியாலம் வேணும். பிறகுதான் முழுக வார்க்கலாம்."

கடிகாரத்தைப் பார்த்தேன். எழும்பினேன். அந்தப் பிள்ளை திகைத்து நின்றாள். எண்ணெய் வழிகிற தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். பண்ணைப் பாலத்துக் காற்றில் வந்த புழுதி முழுவதும் தலையில் ஒட்டியது. மத்தியானச் சாப்பாடு பஸ்ஸுக்குள் ஒரு றோல்ஸ். இரண்டு பக்க ஜன்னலிலும் கடல்தான்.

படகால் இறங்கியபோது நீங்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: "பாருங்கோ, அக்கா எண்ணெய் வழிய வழிய உலாத்திப்போட்டு வாறா!" எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அவரவர் சாமானைக் கொடுத்தேன்.

"என்ரை எஞ்சின் சாமான் எங்கை?"

"கடையில இருக்கு. நீங்களே போய் வாங்குங்கோ."

"மறந்துபோனியளோ?"

"மறக்கேல்லை. வேணுமெண்டுதான் விட்டனான்."

அன்றைக்குக் கிடைத்த ஓய்வு, அதைச் சொல்ல எடுத்த நேரம்தான்.

இரண்டு கிழமை போய்விட்டது. கை இன்னும் எழும்பவில்லை. அந்த எண்ணெயைக் கணவர்தான் கிணற்றடியில் கழுவி எடுத்தார், சவர்க்காரம் போட்டு, வலை கழுவுகிற அதே கையால். வருகிற வியாழனுக்கு இப்போதே மறுபடியும் பெயர் கொடுத்திருக்கிறேன், அலுவல் ஓய்வு என்றே. "பாப்பம்" என்கிறீர்கள். ஒழுங்கையில் கண்டால் வேலியைப் பார்க்கிறீர்கள். உங்கள் மனைவி வந்து, "அவர் கோபமா இருக்கிறார், ஒருக்கா மன்னிப்புக் கேட்டுவிடன்" என்று சொல்லிப்போட்டுப் போறா.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். என் வீட்டுக்கு வந்து தனியாகச் சமாதானம் பேசவும் வேண்டாம். சங்கக் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தவுடன். அங்கே எழும்பி நின்று, ஊருக்கு முன்னால் சொல்லுங்கள்: வருத்தக்காரியாக இல்லாமல், எவருடைய பையையும் தூக்காமல், களைத்துப்போன ஒரு பொம்பிளை இந்தத் தீவை விட்டு ஒரு நாள் வெளியே போக உங்கள் படகில் இடம் இருக்கிறதா, இல்லையா?