அருள் வாங்கிய டயர்

டயருக்குக் காற்று அடித்துவிட்டேன் என்று சொன்னேன். அடிக்கவில்லை. அந்தப் பொய்யால் என் மனைவியின் தம்பி அருள் ஒரு காலை இழந்தான். நான் சொன்னது பொய் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

உச்சுக் கொட்டாதீர்கள்! உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம்.

ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவன் என்னுடையது. வாடகைக்கு எடுப்பவர்களுக்கு மரக்காணம் உப்பளத்தின் நடுவில் பொழுது விடிய வேண்டும், படம் எடுக்க வேண்டும். அந்தச் சேற்று மண்ணில் டயர் விறைப்பாக இருந்தால் புதைந்துவிடும். அதனால் பாதிக் காற்றை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவோம். திரும்பித் தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி அடித்தாக வேண்டும். இல்லையென்றால் டயர் சூடேறி வெடிக்கும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

அன்று வந்தவர்கள் தங்கள் காரில் கிளம்பிப் போய்விட்டார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒத்தாசைக்கு வந்திருந்த அருள் சாலையோரம் பைக்கில் காத்திருந்தான்.

"மாமா, காத்து அடிச்சாச்சா?"

"எல்லாம் ஆச்சு. எனக்கே சொல்லித் தர்றியாடா?"

ஏன் அப்படிச் சொன்னேன்? சோம்பலா? அதுவும்தான்... ஆனால் அதைவிடத் திமிர்! இந்தப் பயல் என்னைக் கேள்வி கேட்பதா என்கிற திமிர். வேறொன்றும் இல்லை.

கீழ்புத்துப்பட்டு வருவதற்குள் வலப்பக்க டயர் வெடித்தது. என்னை முந்திக்கொண்டிருந்த அருளின் மேல் கேரவன் அப்படியே சாய்ந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் காரணம் கேட்டார்கள். "டயர் சரியில்லை" என்றேன். கடை கடையாக அலைந்து அந்த டயரை வாங்கி வந்தவன் அருள். பிறகென்ன... பழி அவன் தலையில் விழுந்தது.

என் மனைவி, கட்டிலில் கிடந்தவனிடம் நேராகவே கேட்டாள். "மட்டமான டயர வாங்கிப் போட்டு என் புருஷனக் கொல்லப் பாத்தியேடா?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை! மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதுகூட, கோபம், பொறாமை என்று சில்லறைப் பாவங்களைக் கொட்டிவிட்டு எழுந்து வந்த கோழை நான்.

அவள் தம்பியோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை, தன் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்கு அழைக்க, அருள் ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். அக்கா வெளியே வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"அக்கா கோவம் நியாயந்தான் மாமா. நான் வாங்குன டயருதானே. நீங்களாவது என்ன மன்னிச்சிடுங்க."

சொல்லியிருக்கலாம்... அங்கேயே, அப்போதே! இருவர் காதிலும் விழுந்திருக்கும்.

"விடு அருளு. நான் அப்பவே மன்னிச்சிட்டேன்" என்றேன்.

நான்... அவனை!

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.