என் பக்கத்துக் கட்டம்

கம்ப்யூட்டர் சாரை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்து "உக்காருங்க, சாப்ட்டீங்களா" என்று கேட்கிற வாத்தியாரை எப்படி நம்புவது? எங்களுக்குத் தெரிந்த வாத்தியார்கள் எல்லாரும் எங்களைக் கழுதை என்பார்கள். அதில் ஒரு நிம்மதி இருந்தது. இவர் திருக்கோவிலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு இரும்பு ஸ்கேல் வைத்திருந்தார். சத்தம் போட்டுப் பேசவே மாட்டார். சத்தம் போடாத ஆள் மனசுக்குள் என்னமோ வைத்திருக்கிறான் என்று என் மாமா சொல்வார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிளக்ஸ் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எது வந்தாலும் பேனர் மாமா கடையில்தான். பேனரில் யார் தலை எத்தனை பெரிசு என்பதைப் பார்த்தே ஊரில் யாருக்கு யார்மேல் கோபம் என்று சொல்லிவிடுவார். பங்காளி தலை கொஞ்சம் சிறுத்துப்போனதால் கை நனைக்காமல் எழுந்துபோன சொந்தக்காரர்கள் எங்கள் பக்கம் உண்டு. பள்ளிக்கூடம் விட்டால் நான் நேரே அங்கேதான் போவேன். உலகத்தில் பாதியை அந்தத் தலைகளின் அளவை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வருஷம் என் தலைக்கும் ஒரு அளவு நிச்சயமாகியிருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் ஆண்டு மலர் போடுவார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பக்கம். அதில் பாதிப் பக்கம் முதல் ரேங்க் எடுத்த பிள்ளைக்கு. பிடித்த உடுப்பில், ரோஜாப்பூ பார்டருக்குள் நிற்கலாம். மீதிப் பாதியில் வகுப்பு மொத்தமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அரையாண்டில் நான்தான் முதல். அப்பா தன் உரக்கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அம்மா மாம்பழ நிறத்தில் பட்டுப்பாவாடை தைக்கக் கொடுத்தாள். மாமா என்னை நிற்கவைத்துப் படம் எடுத்து, பின்னால் ஒரு அருவியையும் வைத்துவிட்டார்.

பொங்கல் லீவு முடிந்து வந்தபோது, இந்த வருஷம் மலரைப் பிள்ளைகளே தயார் செய்யட்டும் என்று கம்ப்யூட்டர் சாரிடம் பொறுப்பை விட்டிருந்தார்கள். அவர் ஆளுக்கொரு சார்ட் தாளைக் கொடுத்து, "உங்க கிளாஸ் பக்கம் எப்படி இருக்கணும்னு நீங்களே போட்டுக் காட்டுங்க" என்றார். பேனர் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு எதைப் போடும்? தாளாளரை மேகத்துக்குள் வைத்தோம். எங்கள் தலைமையாசிரியையான பெரிய டீச்சருக்குப் பின்னால் ஒருத்தன் புலியை நிறுத்தினான். என் தாளில் நான் முக்கால் பக்கத்துக்கு, இல்லாத செல்போனைக் காதில் வைத்தபடி நின்றேன். வகுப்பு மொத்தமும் என் காலடியில் தபால்தலை அளவில் வரிசையாக இருந்தது. சார் அதை வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க. காதுகுத்துக்கு வைக்கலாம்" என்றார்.

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்கள் யார் யார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

மறுநாள் கரும்பலகையில் கட்டம் போட்டார். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டுமாம். ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக விட வேண்டும். மேலே வகுப்பின் பெயர், எல்லாப் பக்கத்திலும் ஒரே எழுத்தில். எல்லாருக்கும் ஒரே அளவுக் கட்டம், எல்லாருக்கும் யூனிபார்ம். பூ கிடையாது, புலி கிடையாது, அருவியும் கிடையாது. படங்களைச் சார்ட்டில் ஒட்டியபிறகு, ஒரு ஓரத்தில் குண்டூசி குத்தி மறு ஓரத்துக்கு நூலை இழுத்துப் பிடிப்பார். ஒரு வரிசையில் இருக்கிற அத்தனை பேர் கண்ணும் அந்த நூலின்மேல் இருக்க வேண்டும். யார் கண் கீழே இறங்கினாலும் படத்தைப் பிய்த்து மறுபடி ஒட்ட வேண்டும்.

"பாக்கறவங்க கண்ணு எங்கயும் தடுக்காம போவணும். எங்கனா தடுக்குச்சுன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கணும்" என்றார்.

எனக்கு அந்தக் காரணம் ஏற்கெனவே தெரிந்துவிட்டது. என் அரைப் பக்கத்தைப் பிடுங்குவதற்குத்தான் இத்தனை நூலும் ஊசியும்.

ஏழாம் வகுப்புச் சார்ட்டை ஒட்டி முடித்தபோது, இரண்டாவது வரிசையில், என் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. சார் நூலை அந்தக் காலிக் கட்டத்தின் மேலும் இழுத்துப் பிடித்துச் சரிபார்த்தார்.

"இது யாருக்கு சார்?"

"ஆள் இருக்குதுங்க."

வகுப்பில் இருந்த எல்லாரையும் ஒட்டியாயிற்று. மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த மல்லிகா மட்டும்தான் இல்லை. என் பெஞ்சில், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் வரவே இல்லை. கல்வராயன் மலைப் பிள்ளைகள் லீவுக்குப் போனால் ஒன்றிரண்டு பேர் திரும்புவதில்லை, அது எப்போதும் நடப்பதுதான். அவள் இடத்தில் நான் என் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டம் அவளுக்காக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாளாளர் பேத்திக்கு என்றாள் ஒருத்தி. சார் தன் படத்தையே வைத்துக்கொள்ளப் போகிறார் என்றான் புலி போட்டவன். நான் மாமாவிடம் கேட்டேன்.

"அந்த எடத்த எவனுக்கோ பேசி முடிச்சிட்டான் பாப்பா. ஜவுளிக்கடை விளம்பரம் வரும் பாரு" என்றார் மாமா. பிறகு குரலைத் தாழ்த்தி, "சனிக்கெழம வெள்ளிமலை பஸ்சுல பாத்தேன் அந்தாள. தோள்ல கேமரா பையி. திருக்கோவிலூர்க்காரனுக்கு மலைல இன்னா வேல? மலைக்குப் போறவன்லாம் தேன் வாங்கவா போறான்?" என்று கேட்டார். என் அரைப் பக்கத்துக்குப் பின்னால் இவ்வளவு பெரிய சதி இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

விஷயம் அப்பா காதுக்குப் போயிற்று. அப்பாவும் மாமாவும் என்னை நடுவில் விட்டுக்கொண்டு பெரிய டீச்சர் அறைக்குப் போனார்கள். அப்பா நியாயம் கேட்டார். பெரிய டீச்சருக்கு யாரோடும் சண்டை ஆகாது. சாரைக் கூப்பிட்டு, சார்ட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதோ பக்கத்துலயே ஒண்ணு காலியா கெடக்குதே! ரெண்டையும் சேத்துப் பாப்பா படத்தப் பெருசா போட்டுடுங்க. தீந்துது."

"அது மல்லிகாவோடது மேடம்" என்றார் சார்.

"அந்த மலைப் பொண்ணா? அதுதான் நின்னுடுச்சே."

"நிக்கல மேடம். லீவுல இருக்கறாங்க. நான் வூட்டுக்கே போயிப் பாத்தேன். வூட்டுக்காரங்க கண்ல காட்ட மாட்டேன்றாங்க. கல்யாணம் பேசிக்கினு இருக்கறாங்க போல. கேட்டா, வயசு பதினெட்டுன்னு ஒரே பேச்சா பேசறாங்க."

"நமக்கெதுக்கு சார் அதெல்லாம்? கட்டத்த எடுங்க."

சார் ஸ்கேலை எடுத்துச் சார்ட்டின்மேல் வைத்தார். "ஒண்ண அசைச்சா எல்லாம் அசையும் மேடம். ஆறாவதுல இருந்து எல்லாப் பக்கத்தையும் மறுபடி மொதல்லருந்து போடணும். ஆண்டு விழாவுக்கு முடியாது."

மறுபடி முதலிலிருந்து என்றதும் பெரிய டீச்சர் சார்ட்டைச் சுருட்டிக் கொடுத்துவிட்டார். வெளியே வந்ததும் மாமா வெடித்தார். "பச்சப் பொய்! கம்ப்யூட்டர்ல ஒரு நிமிசம் ஆவாது அதுக்கு. எங்கிட்டயே காதுல பூ சுத்தறான்!"

கல்யாணம் என்ற சொல் எனக்கும் காதில் விழுந்தது. அதில் எனக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம். கல்யாணம் என்றால் பேனர் வைப்பார்கள், பேனரில் மல்லிகாவின் தலை ஆள் உயரத்துக்கு இருக்கும். அது போதாதென்று மலரிலும் அவளுக்கு ஒரு கட்டமா?

அடுத்த வாரத்தில் ஒரு சாயங்காலம் மாமா கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஜவுளிப் பைகளோடு இரண்டு ஆண்களும் ஒரு அம்மாவும் வந்தார்கள். மலையிலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க இறங்கியவர்கள், அப்படியே பேனருக்கும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தார்கள். பெரியவர் போனை நீட்ட, மாமா அதிலிருந்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். திரை முழுக்க அரக்கு நிறப் பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, தலை கொள்ளாத பூ.

"மாமா, இது எங்க கிளாஸ் மல்லிகா!" என்று நான் கத்திவிட்டேன்.

யாரும் கேட்காமலே அந்தப் பெரியவர், "பதினெட்டு முடிஞ்சிடுச்சுங்க" என்றார்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "பாப்பா, போயி நாலு டீ சொல்லிட்டு வா" என்றார். நான் சொல்லிவிட்டு வந்தபோது அவர்களிடம், "மெசினு படுத்துக்கிச்சுங்க. பார்ட்ஸு சென்னைலருந்து வரணும். நானே போன் பண்றேன், அவசரப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் டீ சொல்லப் போகும்போது உள்ளே மிஷின் ஒரு காதுகுத்து பேனரை அடித்துக்கொண்டிருந்தது. அதை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

"மெசினு நல்லாத்தானே மாமா இருக்குது?"

"நீ சும்மா கெட."

வந்தவர்கள் போனதும் மாமா கடையை என்னிடம் விட்டுவிட்டு, ஒரு பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பைக்கை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்சில் மாமாவும் கம்ப்யூட்டர் சாரும் ஒரே தட்டில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஐயோ, என் சொந்த மாமா!

"என் அரைப் பக்கம் இன்னாச்சு?" என்று அன்றைக்கே கேட்டேன்.

"உன் பொறந்த நாளுக்கு பத்துக்கு எட்டுல பேனரே அடிச்சுத் தரேன் பாப்பா. இதுல மட்டும் வாய வைக்காத. உங்கப்பாகிட்டயும் சொல்லாத."

லஞ்சம் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன். பேனர் என்றதால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அதற்குப்பிறகு மாமாவையும் நம்பவில்லை.

அச்சுக்குப் போகுமுன் பெரிய டீச்சர் எல்லாப் பக்கத்தையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால் மளமளவென்று புரட்டியிருக்க வேண்டும். ஆண்டு விழாவன்று காலையில் மலர் கையில் கிடைத்தது. ஏழாம் வகுப்புப் பக்கத்தைத் திறந்தேன். வெள்ளைப் பக்கம், நீலக்கோடு போட்ட சட்டைகள், வரிசை வரிசையாக ஒரே அளவு முகங்கள். இரண்டாவது வரிசையில் நான். என் பக்கத்தில் அரக்குப் பட்டுப்புடவையில், நெற்றிச்சுட்டியோடு மல்லிகா. கீழே அதே எழுத்தில் அவள் பெயர்.

நான் கழிப்பறைக்குப் போய் அழுதேன். எனக்கு மாம்பழ நிறப் பாவாடை கூடாதாம், அவளுக்கு மட்டும் பட்டுப்புடவையா? பூ கிடையாது என்றாரே, அவள் தலையில் இருந்தது என்ன?

சாயங்காலம் மேடையில் தலைமை விருந்தினராக ஒரு பெண் அதிகாரி உட்கார்ந்திருந்தார். மலரை வெளியிட்டுவிட்டு, விருந்தினர்கள் வழக்கமாகச் செய்வது போலச் சிரித்த முகத்தோடு புரட்டினார். நான் முன்வரிசையில் இருந்தேன். பக்கங்களின் வேகத்தைப் பார்த்து இப்போது ஏழாம் வகுப்பு என்று கணக்குப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவர் விரல் முதல் வரிசையைத் தாண்டியது, இரண்டாவது வரிசையில் என் படத்துக்கு வந்தது, என்னைத் தாண்டி அடுத்த கட்டத்தில் நின்றது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேலே வகுப்பின் பெயரைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பெரிய டீச்சரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். குனிந்து பார்த்த பெரிய டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. மைக் செட் பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர் சார், தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாதவர் மாதிரி ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பின்னால் தான் கட்டிய வரவேற்பு பேனருக்கு அடியில் மாமா செருப்பைப் பார்த்தபடி நின்றார். அந்த அம்மா அதற்குப்பிறகு சிரிக்கவில்லை, மலரைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரமே அந்த அதிகாரியின் ஜீப் மலைக்குப் போனதும், பங்குனியில் நடக்க இருந்த கல்யாணம் நின்றதும் பல வருஷம் கழித்து மாமா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "மேல ஏழாம் வகுப்புன்னு போட்டு, கீழ பொடவைல நின்னா, அப்பறம் எவன் பதினெட்டும்பான்?" என்றார். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது மல்லிகா திரும்பி வந்து, எட்டாம் வகுப்பில் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள் என்பதுதான். அவள் இளைத்திருந்தாள். யூனிபார்ம் தொளதொளவென்று இருந்தது. மூன்று நாலு மாதமாக மனசில் வைத்திருந்ததை நான் எடுத்த எடுப்பிலேயே கேட்டேன்.

"எங்க எல்லாருக்கும் யூனிபார்ம். உனுக்கு மட்டும் சார் எப்படிப் பொடவைக்கு வுட்டாரு? இன்னா சொல்லிக் கேட்ட?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள்.

"நானா கேட்டேன்? நானா கட்டுனேன்? எங்க அத்தை கட்டிவுட்டுச்சு. அழுவாம நில்லுன்னு சொல்லித்தான் போட்டோவே புடிச்சாங்க."

சாயங்காலம் வீட்டுக்குப் போய் மலரைத் திறந்து பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி என் கண்ணும் அவள் கண்ணும் ஒரே கோட்டில் நேராக இருந்தன. அழுததற்கு ஒரு அடையாளமும் தெரியவில்லை. ஆகவே அவளும் மாமா, சார் சதிக் கூட்டத்தில் ஒருத்திதான் என்று முடிவு செய்தேன். மறுநாள் அவள் உட்கார வந்தபோது என் சாப்பாட்டுப் பையைத் தூக்கினேன். ஆனால் கீழே வைக்கவில்லை, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.