மணிலாவில் பாதியில் விட்ட படம்

பாரிஸில், ரூ பெர்தொனே தெருவில் எனக்குக் கொத்துரொட்டி பரிமாறும் தெரேசா அக்கா பிலிப்பைன்ஸ்காரர். யாழ்ப்பாணத்துக் குகன் அண்ணையைக் கட்டிக்கொண்டு இருவருமாக இந்தச் சாப்பாட்டுக்கடையை நடத்துகிறார்கள். அக்கா பேசுவதும் யாழ்ப்பாணத் தமிழ்தான்.

பிலிப்பைன்ஸின் பழைய ‘வயது வந்தோர்’ படங்களை இங்கே ஒரு தியேட்டரில் போடுகிறார்கள். நேற்று நான் பார்த்த படத்தின் போஸ்டரைப் போனில் காட்டுகிறேன். இன்று மாலையும் அதே படம்தான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

“இதை நான் பாதி பாத்தனான் தம்பி. எண்பதுகளிலை மணிலாவிலை அரசாங்கம் கட்டின மண்டபத்திலை மட்டும் சென்சார் வெட்டாமல் காட்டினவை. சனமெண்டால் சனம். நான் சேர்ச்சுக்கு நொவேனாச் செபத்துக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு, வேலையிடத்துப் பெட்டையளோடை போனன். நடுவிலை ரீல் அறுந்து லைட்டைப் போட்டிட்டாங்கள். பாத்தால் முன்வரிசையிலை அப்பா, சேர்ச்சிலை பாடுற ஆக்களோடை. நான் குனிஞ்சபடி வெளியிலை ஓடியிட்டன்.”

“அப்பா பார்த்துட்டாரா அக்கா?”

“ஓம். வீட்டை வந்து, இண்டைக்குச் சேர்ச்சிலை சுவாமியார் என்ன பிரசங்கம் வைச்சவர் எண்டு கேட்டார். நல்ல பிரசங்கம் எண்டன். தானும் அப்பிடித்தான் கேள்விப்பட்டன் எண்டார்.”

சிரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்துகிறார். “கடைசியிலை என்ன நடக்குது?”

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து குகன் அண்ணை தலையை நீட்டுகிறார்.

“சொல்லாதேங்கோ தம்பி. நீங்கள் ஆறுதலா, அவசரப்படாமல் சாப்பிடுங்கோ. பின்னேரம் கடையைப் பூட்டிப்போட்டு நாங்கள் ரெண்டுபேரும் போறம்.”

அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கிறார். அப்போதே ஏப்ரனை அவிழ்க்கிறார்.

“இந்தமுறை லைட்டைப் போட்டாலும் நான் எழும்பமாட்டன்.”