பிளக்கில் வைத்த பொட்டு

உங்கள் பெரியக்கா பிறந்த கதையை அத்தை சொன்னால் சாமி கதையாக இருக்கும். நான் சொன்னால் கார் கதையாகிவிடும். அன்று வண்டி ஓட்டியவன் நான்தான் என்பதால், எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அப்போது ஜெராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் துரையின் கார் டிரைவர். ஆயுத பூசை முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. உங்கள் அம்மாவுக்கு முதல் பிரசவம். காலையில் பிடித்த வலி மத்தியானத்துக்கு மேல் விட்டு விட்டு வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் வந்து பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இங்கே ஆகாது, கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ என்றார். துரை தன் காரையே எடுத்துப் போகச் சொன்னார்.

பின் சீட்டில் அம்மா, அத்தையின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். லயத்து வீடுகளைத் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் இஞ்சின் சத்தம் நொண்டியது. நாலு சிலிண்டரில் ஒன்று வெடிக்கவில்லை.

"என்னடா தம்பி, ஒன் வண்டிக்கு விக்கலா?" என்றாள் அத்தை.

"மழைத் தண்ணி போதலையாம் அக்கா."

சிரிப்பதற்குள் இன்னொன்றும் விடுபட்டது. கார் உதறிக்கொண்டே நகர்ந்தது. அம்மா முனகுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ரப்பர் மரத்தடியில் நிறுத்தினேன், இஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் திரும்பக் கிளம்புமோ என்னவோ. இஞ்சின் மூடியைத் தூக்கி, மரப்பிடித் திருப்புளியால், சிலிண்டருக்குப் பொறி கொடுக்கும் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் இரும்போடு சேர்த்துப் பார்த்தேன். நல்ல பிளக்காக இருந்தால் பொறி இரும்புக்குப் போய்விடும், அப்போது சத்தம் இன்னும் குறையும். முன்னால் இருந்த இரண்டிலும் ஒரு மாற்றமும் இல்லை. செத்தவை அவைதாம். ஒயரைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. மரத்தடி இருட்டில் குனிந்தபோதுதான் தெரிந்தது: பிளக்கின் வெள்ளைப் பீங்கான் மேல் நீலப் பொறி ஒன்று புழு மாதிரி ஊர்ந்து இறங்கியது.

அது ஊர்ந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பூசையன்று விளக்கு, ஹாரன், டயர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த அம்மா, பிளக்குக்கும் வைத்தாள். மூடியைத் தூக்கிக் காட்டியவன் நானே. காய்ந்திருந்தவரை ஒன்றுமில்லை. மழைச் சாரல் பட்டு ஊறியதும், உள்ளே போக வேண்டிய பொறி அந்த ஈரத்தின் வழியே வெளியே ஓடிவிட்டது.

"பொட்டை அழிக்கணும் அக்கா."

"அடப் பாவி! பொட்டு வச்சவ இப்படிக் கெடக்கா, அழிக்கிறேங்கிற? இன்னிக்கா அழிப்ப?"

என் கை நின்றுவிட்டது. படிப்பு குறைந்தவன்தான், ஆனாலும் பொறி போகும் வழி எனக்குத் தெரியும். தெரிந்தும் கை வரவில்லை.

உள்ளேயிருந்து அம்மா பேசினாள். "என்னங்க, அழிங்க. என் நெத்தியில ஒண்ணு இருக்குல்ல? இந்தாங்க, என் முந்தானைதான் காஞ்சிருக்கு."

அத்தை வாய்க்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே முந்தானை முனையைக் கிழித்துக் கொடுத்தாள். இஞ்சினை அணைத்தேன். மழைச் சத்தம் மட்டும் இருந்தது. நாலு பிளக்கையும் துடைத்தேன். துணியெல்லாம் சிவப்பு, என் கையெல்லாம் சிவப்பு. காரின் முன்னால், இஞ்சினைக் கிளப்பும் கம்பியை மாட்டிச் சுழற்றினேன். உறுமி அடங்கியது. மறுபடி சுழற்றினேன். பிடித்துக்கொண்டது. நாலும் சீராக வெடித்தன.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் என் கையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ரத்தமா!" என்று அலறி, அம்மாவைக் கிடத்திய கட்டிலை இழுத்துக்கொண்டு ஓடினாள். குங்குமம் என்று நான் சொல்வதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அத்தை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் கழுவவில்லை.

பிள்ளை அழும் சத்தம் கேட்டது. ஆனாலும் நர்ஸ் வெளியே வந்து, தாய்க்கும் ஆபத்தில்லை என்று சொல்லும்வரை நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை.

அத்தை எழுந்து மழையில் இறங்கினாள். இடுப்பு முடிச்சை அவிழ்த்துக் குங்குமம் எடுத்து, கார் மூடியின் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"இங்க வச்சா ஓடும்ல?"

"ஓடும் அக்கா."