கறுத்த வேர்

நாங்கள் குடியேறிய வெக்ஸ்போர்ட் ஊர் வீட்டில் என் மனைவி, இந்த நாட்டுக் காட்டுப் பழமரமான பெர்சிமனின் கொட்டைகளைக் குளிர்காலம் முழுக்க ஈரமணலோடு பிரிட்ஜில் வைத்து, முளைக்கப் போட்டு, தொட்டிகளில் ஏழு கன்றுகள் வளர்த்திருந்தாள். அடுத்த வருடம் மே மாதம் முடிந்தும் ஒன்றும் துளிர்க்கவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கரியாய்க் கறுத்திருந்தது. அழுகிவிட்டதென்று மற்ற ஆறையும் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். லொறி வந்து கொண்டுபோய்விட்டது.

வேலையால் வந்தவளிடம், பெரிய உதவி செய்தவன் மாதிரிச் சொன்னேன்.

"வேரெல்லாம் கறுத்துப்போச்சப்பா. எறிஞ்சிட்டன்."

அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"உதின்ரை வேர் எப்பவும் கறுப்புத்தானப்பா. துளிர்க்கவும் பிந்தும்."

தொட்டியடியில் முறிந்து கிடந்த தண்டொன்றை எடுத்து, நகத்தால் கீறி என்னிடம் நீட்டினாள். உள்ளே பச்சை.

அதற்குப் பிறகு, எதையும் செத்துப்போச்சு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.