பாத்தி முழுக்க முதல் தரம்

கேரட் ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. மண்ணில் வேர்விட்ட எதுவும் அத்தனை சுலபத்தில் வராது என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பண்ணையின் வாசலில் ‘நீங்களே பிடுங்கலாம்’ என்று பலகை வைத்திருந்தார்கள். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்திருந்த மகள்தான் அம்மாவையும் அப்பாவையும் கூட்டி வந்திருந்தாள். ஆளுக்கொரு கூடையும் வைக்கோல் தொப்பியும் கொடுத்தார்கள். தொப்பி போட்ட மனைவியைப் பார்த்து, “பண்ணையே உன்னோடதுதான் போல!” என்று கணவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

வாரத்தில் ஆறு நாள் அவள் காய்கறி மண்டியின் கழுவும் கொட்டகையில் நிற்பவள். இயந்திரம் தேய்த்துக் கழுவிய கேரட் பெல்ட்டில் வரும். நேரானது முதல் தரம், கோணலும் வெடிப்பும் இரண்டாம் தரம், ஒடிந்தது மாட்டுத் தீவனத்துக்கு. கண் பார்ப்பதற்குள் கை பிரித்துவிடும். தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் மழுங்கிவிட்டன. எந்தக் கைரேகை இயந்திரமும் இன்றுவரை அவளை ஆள் என்று ஒப்புக்கொண்டதில்லை.

அந்தக் கை இப்போது நின்றது. கேரட்டின் வால் ஒடிந்திருந்தது. தோலின் வரிகளுக்குள் மண் இல்லை. தழையின் அடியில், விற்பனைக்குக் கட்டாகக் கட்டும் ரப்பர் வளையம் இறுக்கிய தடம். இன்னும் பத்துப் பிடுங்கி வரிசையாக வைத்தாள். அளவெடுத்துச் செய்தது போல ஒரே நீளம், ஒரே பருமன்.

“இங்க பாருங்க,” என்றாள் கணவரிடம். “இது இங்க விளைஞ்சதே இல்ல. வாங்கிட்டு வந்து நட்டு வச்சிருக்கான்.”

“வந்தோமா, பிடுங்கினோமா, போனோமான்னு இரேன். உன் வாய் சும்மாவே இருக்காதா?”

“கேரட்டு பொய் சொல்லுது, நான் வாயை மூடணுமா?”

சத்தம் கேட்டுப் பண்ணைக்காரன் வந்தான். அவன் பூட்ஸில் ஒரு பொட்டு மண் இல்லை.

“ஒரு பாத்தியில எல்லாமே முதல் தரமா விளையுமா தம்பி? ஒண்ணாவது கோணிக்கிட்டு வராது? ரெண்டு காலோட வராது?”

“எங்க மண்ணு அப்படிம்மா.” அவன் மகளிடம் திரும்பினான். “மேடம், நீங்க படிச்சவங்க. கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

பக்கத்துப் பாத்தியில் இருந்த பெண், “அவங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?” என்று கேட்டாள்.

மகள் சிரிக்க முயன்றாள். “அம்மா வீட்லதான் இருக்காங்க. ஏதாவது வீடியோ பார்த்திருப்பாங்க.”

அம்மாவுக்குச் சுரீரென்றது. பண்ணைக்காரன் யாரோ, அவன் ஏமாற்றினால் ஏமாற்றிவிட்டுப் போகட்டும். இவள்? கல்லூரி விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் இவள் என்ன எழுதினாள் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது.

“நான் வீட்லயா இருக்கேன்?” கையிலிருந்த கேரட்டை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இதைப் பிரிச்சது நானா இருக்கும். இல்லன்னா என் பக்கத்துல நிக்கிற எவளோ ஒருத்தி. நாங்க ஒவ்வொண்ணா பொறுக்கி எடுத்ததை இவன் மண்ணுல புதைச்சுட்டு, தானா விளைஞ்சதுங்கறான். நீ என்னையும் சேர்த்துப் புதைக்கிறியா?”

மகளின் முகம் வெளுத்தது.

“மேடம், இவங்களைக் கொஞ்சம் அந்தப் பக்கம்...” என்று பண்ணைக்காரன் தொடங்கினான்.

“இருங்க சார்.” மகள் அம்மாவின் பக்கம் வந்து நின்றாள். “எங்கம்மா மண்டியில கேரட் தரம் பிரிக்கிறாங்க. இருபது வருஷமா. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

பக்கத்துப் பாத்திப் பெண் தன் கூடையைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு தழையின் அடியையும் பார்க்கத் தொடங்கினாள்.

“இருபத்து மூணு,” என்றாள் அம்மா. கோபம் கொஞ்சமும் தணியவில்லை. “நீ கைக்குழந்தையா இருந்தப்ப சேர்ந்தேன். அதையும் நானே சொல்லணுமா?”