ஏழு கை சும்மா இருந்த கணினி

பிழைக்க வந்த இந்த நாட்டில், எங்கள் குடியிருப்பில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'வரிசை' என்றால் தபால்காரர்கூட வழி காட்டுவார். பத்தொன்பது வருடம் பேருந்து நிலையத்துப் பயணச்சீட்டுக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எத்தனை பேர் முண்டியடித்தாலும், முன்னால் நிற்பவர் கையில் சீட்டைக் கொடுத்து முடித்த பிறகுதான் அடுத்த முகத்தை நிமிர்ந்து பார்ப்பாராம். கவுண்டர் இருந்த இடத்துக்கு இயந்திரம் வந்ததும், தரைத்தளத்தில் இருந்த தன் வீட்டின் முன்னறையை ஜெராக்ஸ் கடையாக்கிக்கொண்டார். பிரதி எடுப்பார், படிவம் நிரப்பித் தருவார், பழைய வீடியோக்களைப் புதிய கருவிகளில் ஓடும்படி மாற்றிக் கொடுப்பார். கொள்கை மட்டும் மாறவில்லை. தட்டில் நாலு வகை இருந்தாலும் ஒன்றை வழித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவார் என்று அவர் மனைவி சொல்வார். அவரை நாங்கள் அண்ணி என்போம்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நான் மூச்சு வாங்க அவர் கடைக்குள் நுழைந்ததற்குக் காரணம் என் தவறு.

மூன்றாம் மாடியில் தையல்கார அக்கா இருக்கிறார். அவர் கணவர் வேறொரு நாட்டில் மாட்டிக்கொண்டு பதினைந்து மாதம். இங்கே வந்து சேர அனுமதி வேண்டுமானால், இருவரும் உண்மையிலேயே ஒன்றாகக் குடும்பம் நடத்தியவர்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டது குடியேற்ற அலுவலகம். கணவர் பழைய கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு கண்டதையெல்லாம் படம் பிடிக்கிற ஆள். அதில் முப்பத்தொரு வீடியோக்களைத் தேர்ந்து பட்டியல் போட்டுப் படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி. மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

இரண்டு மொழியில் படித்தவன் என்பதால் மாடிக்கு மாடி கடிதம் படித்துச் சொல்வது என் பொறுப்பாகிவிட்டது. இந்த அயல்நாட்டு அரசாங்கக் கடிதம் எதைப் படித்தாலும், எந்த வரியையோ விட்டுவிட்டோம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். இந்த முறை ஒரு பக்கத்தையே விட்டிருந்தேன். எந்த வகை வீடியோவை ஏற்பார்கள் என்பது கடைசித் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. காலையில் முதல் வீடியோவை ஏற்றியபோதே இணையதளம் அதைத் திருப்பித் துப்பிவிட்டது.

"முப்பத்தொண்ணா?" என்றார் வரிசை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கவலைப்படாதீங்க தம்பி. போன வருஷம்தான் புது மெஷின் வாங்கினேன். எட்டு கோர்."

"அப்படின்னா என்ன அண்ணே?" என்றார் அக்கா. தையல் அளவு நாடா இன்னும் அவர் கழுத்தில் தொங்கியது.

"உள்ள எட்டு ஆளு உக்காந்து வேலை பாக்குறாங்கன்னு வச்சுக்கம்மா."

முப்பத்தொன்றையும் மென்பொருளின் பட்டியலில் போட்டு ஓடவிட்டார். மணி ஒன்பது நாற்பது. முதல் வீடியோ பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டு, "நாலு மணிக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆனால் முதல் வீடியோதான் இருந்ததிலேயே சின்னது. இது எனக்குப் பன்னிரண்டு மணிக்குத்தான் உறைத்தது. அதற்குள் ஏழுதான் முடிந்திருந்தது. இருபத்துநாலு பாக்கி. ஒன்றுக்கு இருபது நிமிடம். ரசீதுத் தாளின் பின்னால் மூன்று முறை பெருக்கிப் பார்த்தேன். மூன்று முறையும் இரவு எட்டு மணி என்றே வந்தது.

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எந்த வீடியோ மாறிக்கொண்டிருக்கிறதோ அதிலிருந்து ஒரு காட்சி திரை ஓரத்தில் தெரியும். எப்போதாவது ஒரு முறை மாறும். அப்போது அவர் கணவர் ஒரு கையில் வாளியுடன், கேமராவைப் பார்த்து வாயைப் பிளந்தபடி நின்றுகொண்டிருந்தார். கால் மணி நேரமாக அதே வாய்.

"நேர்லயும் அப்படித்தான்" என்றார் அக்கா. "திறந்த வாயை மூட மாட்டாரு. கூரை ஒழுகுனதுக்கு வீட்டு ஓனரைத் திட்டுறாராம், கேமராவைப் பாத்து."

நான் வரிசையைத் தனியே வாசலுக்கு அழைத்தேன். கணக்கைக் காட்டினேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சுண்டியது.

"அண்ணே, வேகப்படுத்த வழி இல்லையா?"

"எப்பவும் இப்படித்தான் தம்பி ஓடும். வீடியோ வேலைன்னா பொறுமை வேணும்." உள்ளே வந்து கணினி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் ஜன்னலைத் திறந்தார். பன்னிரண்டு சதவீதம் என்று இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் பெருமை திரும்பியது. "பாத்தீங்களா? வெறும் பன்னெண்டுலயே இத்தனையும் இழுக்குது. எவ்வளவு தெம்பு பாருங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கணினியைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடவுச்சொல்லை மறக்கத் தெரியும்.

யாரோ ஒரு பெரியவர் ஒரே ஒரு தாளைப் பிரதி எடுக்க வந்தார். வரிசை அவரை உட்காரச் சொன்னார், எடுத்துக் கொடுக்கவில்லை. "இவங்க வேலை முடியட்டும் ஐயா." பிரதி எடுக்கும் இயந்திரம் வேறு, கணினி வேறு. இரண்டடி தூரம்தான். இருந்தாலும் முன்னால் வந்தவர் முன்னால். பெரியவர் மணிக்கட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பேப்பரை விரித்துக்கொண்டார்.

ஒரு மணிக்கு அண்ணி மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். நாலு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றியவர், உள்ளே எங்கள் முகங்களைப் பார்த்தார்.

"என்ன, எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொன்னேன். அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டினார்.

"மெஷின் ஓடுதா?"

"காலையில இருந்து ஓடுது" என்றார் வரிசை.

"சத்தமே இல்லையே."

"நல்ல மெஷின்னா சத்தம் போடாது."

"அதெல்லாம் இல்ல. பழசு எப்படிக் கத்தும்? வீட்டுக்குள்ள ஹெலிகாப்டர் இறங்குன மாதிரி. அப்ப நான் உள் ரூம்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு ரெக்கார்டிங் கேட்டு டைப் அடிச்சிக்கிட்டு இருப்பேன். அந்தச் சத்தத்துல ஒரு வார்த்தை கேக்காது. ஒரு நாள் நல்லா சண்டை போட்டேன். மறுநாள்ல இருந்து கப்சிப். என்ன பண்ணீங்க அப்ப?"

வரிசை வாயைத் திறந்தார். திரையில் இருந்த மனிதரைப் போலவே திறந்தபடி இருந்தார்.

"என்ன அண்ணே?" என்றேன்.

"ஒரே ஒரு கோர்ல ஓடுன்னு போட்டேன்" என்றார் மெதுவாக. "மத்ததெல்லாம் சும்மா இருந்தா சூடு ஏறாது, ஃபேன் கத்தாது. இவளுக்குத் தொந்தரவு இருக்காதுன்னு."

"அது பழைய மெஷின்ல" என்றார் அண்ணி.

"அந்த செட்டிங்ஸை அப்படியே எடுத்துத்தான் புதுசுல போட்டேன். நல்லா ஓடுறதை ஏன் மாத்தணும்னு..."

திரையில் அந்த ஜன்னலை இன்னொரு முறை திறந்து, இப்போது எட்டு கோர்களையும் தனித்தனியாகக் காட்டும்படி வைத்தார். எட்டுச் சதுரங்கள். ஒன்றில் கோடு உச்சந்தலையில் முட்டிக்கொண்டிருந்தது. ஏழில் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. பன்னிரண்டு சதவீதம் என்றால் தெம்பு அல்ல. எட்டில் ஒரு பங்கு.

"நான் டைப் வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுங்க" என்றார் அண்ணி.

"அதை நீ கம்ப்யூட்டர்கிட்ட சொன்னியா?"

அக்கா எழுந்து நின்றார். "இப்ப மாத்த முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

"முடியும். ஆனா ஓடுறதை நிறுத்தணும். பதினோராவது முக்கால்வாசி முடிஞ்சிருக்கு. நிறுத்துனா அது முதல்ல இருந்து." மவுஸ் மேல் இருந்த அவர் கை அசையவில்லை. வரிசையில் நிற்பவரைப் பாதியில் அனுப்பி அவருக்குப் பழக்கமில்லை. "இது முடிஞ்சதும் மாத்திரலாமே. அஞ்சு நிமிஷம்..."

"இருக்கிற அஞ்சு நிமிஷத்தையும் ஏண்ணே வீணடிக்கணும்? நிறுத்துங்க" என்றார் அக்கா.

நிறுத்தினார். மணி ஒன்று இருபது. ஒன்று என்று இருந்த இடத்தில் எட்டு என்று தட்டி, மறுபடி ஓடவிட்டார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மேசைக்கு அடியில் இருந்து ஒரு மூச்சு. அது ஏறி, ஏறி, கடை முழுக்க இரைந்தது. எட்டுச் சதுரங்களிலும் கோடு எகிறியது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் காலைத் தூக்கிக்கொண்டார். பதினோராவது வீடியோ ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பன்னிரண்டாவதும் அப்படியே. அண்ணி மருந்துக் கடைக்குப் போன் போட்டு, இரைச்சலுக்கு மேல் கத்தி அரை நாள் விடுப்புச் சொன்னார்.

"மூணேகாலுக்குள்ள முடிஞ்சிரும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் அப்படி.

இரண்டு இருபதுக்கு, ஒன்பது பாக்கி இருக்கும்போது, இரைச்சல் சட்டென்று நின்றது. திரை கறுத்தது.

அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "என்னாச்சு?"

வரிசை தரையில் மண்டியிட்டு, பெட்டியைத் தொட்டுக் கையை உதறினார். "சூடு தாங்காம அதுவே நின்னுடுச்சு." பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். உள்ளே ஃபேன் இறக்கைகளில் தூசி கம்பளி போட்டது போல அப்பியிருந்தது. மெதுவாகவே சுற்றிய ஃபேன். உதறிக்கொள்ள அதற்கு வாய்ப்பே வரவில்லை. அக்கா மாடிக்கு ஓடினார். தையல் இயந்திரத்தின் இண்டு இடுக்கில் சேரும் பஞ்சை எடுக்கிற மெல்லிய தூரிகையோடு வந்தார். வரிசையை நகரச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்து இறக்கை இறக்கையாகச் சுத்தம் செய்தார். அண்ணி உள்ளறையில் இருந்து மேசை விசிறியைத் தூக்கி வந்தார். நான் கைவிளக்கைப் பிடித்தேன். நான் திரும்பித் திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்ததால் பெரியவர் அதை வாங்கிக்கொண்டார்.

இரண்டு ஐம்பதுக்கு மறுபடி உயிர் வந்தது. முடிந்தவை பத்திரமாக இருந்தன. பாதியில் நின்றது மட்டும் போயிருந்தது.

"எட்டு வேண்டாம்" என்றார் வரிசை. "ஆறு போதும். ரெண்டு பேர் மூச்சு விடட்டும்."

இப்போது ஒன்றுக்கு ஏழு நிமிடம். திறந்த பெட்டிக்குள் விசிறி காற்றடித்தது. வரிசை அதற்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, காய்ச்சல் பார்ப்பது போலத் தகட்டில் புறங்கையை வைத்துக்கொண்டிருந்தார். திரையில் அக்காவின் கணவர் வேகவேகமாக மாறிக்கொண்டிருந்தார். அலமாரி மாட்டினார், சாய்ந்த அலமாரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார், தையல் மேசைக்கு அடியில் புகுந்து வெளியே வந்தார்.

"காலையில மெதுவா ஓடுனப்ப நல்லா பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார் அக்கா. "இப்ப ஓடிக்கிட்டே இருக்காரு." உடனே, "ஓடட்டும், ஓடட்டும்" என்றார்.

மூன்று ஐம்பத்தைந்துக்கு முப்பத்தொன்றாவதும் முடிந்தது. அதற்குப் பிறகும் அலுவலகத்தின் இணையதளம் இருந்தது. ஏற்ற ஆரம்பித்தால் ஒரே மூச்சில் ஏற்ற வேண்டும், பத்து நிமிடம் சும்மா இருந்தால் எல்லாம் அழிந்துபோகும் என்பதால்தான் அதுவரை தொடங்காமல் இருந்தோம். அது ஒவ்வொன்றாகத்தான் வாங்கும். அங்கே எத்தனை கோர் இருந்தும் பயனில்லை. எங்கள் வரிசை வாழ்நாள் முழுக்கக் கும்பிட்ட முறை அது. அன்று அவரே அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"ஒண்ணொண்ணா வாங்கறான் பாருங்க, மடையன்!"

நான் பட்டியலைக் கையில் வைத்து எண்ணைச் சொன்னேன், அவர் ஏற்றினார், அக்கா பேனாவால் குறி போட்டார். இருபதாவது முடியும்போது நாலு முப்பத்தைந்து. இருபத்தெட்டாவதில் பச்சைக் கோடு பாதியில் நின்று, எங்கள் நால்வர் மூச்சையும் நிறுத்திவிட்டு, பிறகு நகர்ந்தது. கடைசியில் இருந்தது திருமணப் பதிவு அன்று எடுத்தது. அது ஏறிக்கொண்டிருந்தபோது நான் திரையைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

"வந்துடுச்சு" என்றார் அண்ணி.

முப்பத்தொன்றும் பெறப்பட்டன என்று ஒரு எண்ணோடு ஒப்புகை வந்திருந்தது. நாலு ஐம்பத்தாறு. வரிசை அதை அச்சில் எடுத்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை என்னிடம் தந்தார்.

"படிச்சுச் சொல்லு தம்பி. பின்பக்கத்தையும் பாரு."

பின்பக்கம் வெறுமையாக இருந்தது. இருந்தாலும் பெரியவர் இன்னும் பிடித்திருந்த விளக்கில் காட்டி இரண்டு முறை பார்த்தேன்.

வரிசை குனிந்து கணினியை அணைக்கப் போனார். அண்ணி தடுத்தார். "அந்த எண்ணைத் திரும்ப ஒண்ணுன்னு போட்டுடாதீங்க."

"போடலம்மா."

"சத்தம் போட்டா போடட்டும். நான் பாத்துக்கறேன்."

அவர் தலையாட்டிவிட்டு, நாற்காலியில் இருந்த பெரியவர் பக்கம் திரும்பினார். மதியத்தில் இருந்து காத்திருந்த அந்த ஒற்றைத் தாளுக்காகக் கையை நீட்டினார். பெரியவருக்கு அது எங்கே என்று தெரியவில்லை. விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைப்பை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தார்.